டல்லாவில் ஒரு மாமா

“…கடைசி நாலஞ்சு நாள் நாக்கு தளந்துபோச்சுக்கா. மாமாங்குற வார்த்தையைக்கூட வாப்பாவால இழுத்துச் சொல்ல முடியலை. ‘டல்லாவுல மம இருக்கு, டல்லாவுல மம இருக்கு’ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாக” என்றார் சம்சுதீன் பாய்.

டல்லாவிலிருந்து ரங்கூன் கரைக்குத் திரும்பும் படகு அப்போது நட்டாற்றில் இருந்தது. நான் கம்பியோரம் நின்று கடற்காக்கைகளுக்குப் பொரி எறிந்துகொண்டிருந்தேன். எறிய எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு பறவை வந்து பொரியை என் விரலோடு சேர்த்துக் கொத்திக்கொண்டு போயிற்று. வலி அப்புறம்தான் தெரிந்தது.

முந்தின நாளிலிருந்து அந்தக் கதையை அவர் வாயால் மூன்று தடவை கேட்டிருந்தேன். ஆனால் அவருடைய வாப்பா சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டியது அதுதான் முதல் தடவை.

பாய் யார், அவரோடு நான் எதற்காகப் படகில் இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கை ஏன் நின்றது என்பது உங்களுக்குப் புரியாது.

உளுந்து பார்க்க வந்தவர்

மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் எனக்கு நூல், பொத்தான், ஜிப் விற்கிற சின்னக் கடை. குளிர் தொடங்கி, காலையில் எல்லோரும் காதை மூடிக்கொண்டு வருகிற மாதம் அது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் சந்தைக்குள் நுழைந்து, “தமிழ் பேசுறவுக யாரும் இருக்கீகளா?” என்று பொதுவாகக் கேட்டார். பக்கத்துக் கடைப் பெண்ணுக்குத் தமிழ் புரியும், வாயில் வராது. அவள் பர்மா மொழியில், “இந்தா, டோ மாலா இருக்காங்க, பேசிக்கிட்டே இருப்பாங்க, நீங்க போதும்னு சொல்ற வரைக்கும்” என்று என் பக்கம் கையைக் காட்டினாள். நல்ல வேளை, அவருக்கு அது புரியவில்லை. டோ என்பது மூத்த பெண்களுக்கான மரியாதைச் சொல்; மாலா நான்தான்.

சம்சுதீன் பாய்க்குச் சொந்த ஊர் கீழக்கரை. ஐம்பத்தேழு வயது. பருப்புத் தரகு. எங்கள் ஊர் உளுந்தைப் பார்க்க வந்த நாலைந்து வியாபாரிகளோடு சேர்ந்து வந்திருந்தார். வந்த வேலை முடிந்துவிட்டது. கையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு முழு நாள். அதற்கு அடுத்த நாள் காலையில் விமானம்.

“ஒரு மாமாவைக் கண்டுபிடிக்கணும்கா.”

“எந்த ஊர்ல?”

“இந்த ஊர்லதான். டல்லாவாம்.”

“மாமா பேரு?”

“தெரியாது.”

“வயசு?”

“இருந்தா தொண்ணூறு தாண்டியிருக்கும்.”

“இருந்தாவா? உசுரோட இருக்காரா இல்லையா, அதுவும் தெரியாதா?”

“அதைத்தானே பாக்கணுங்குறேன்!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார். “மூட்டை மூட்டையா உளுந்துல கல்லு பொறுக்குறவன்கா நான். இதையும் பொறுக்கிப் பாத்துருவோம்” என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய வாப்பா இளவயதில் ரங்கூனில் துணிக்கடையில் வேலை பார்த்தவர். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, இந்தியாக்காரர்கள் எல்லோரும் கப்பல் ஏறிய காலத்தில் அவரும் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார். அங்கே நிக்காஹ் முடித்தார். சம்சுதீன் பிறந்தார். ரங்கூனைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டாராம். சம்சுதீனுக்குப் பதினான்கு வயதானபோது காய்ச்சலில் படுத்தார். படுத்த இடத்தில் மகனைக் கூப்பிட்டு, “டல்லாவுல மாமா இருக்கு. என்னைக்காவது போயிப் பாரு” என்றார். அதோடு நிற்காமல் வழியையும் சொல்லி, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கவும் வைத்தார். படகுத்துறை தாண்டிப் பெரிய குளம். குளத்துக்குத் தெக்கால பள்ளிவாசல். பள்ளிவாசலுக்குப் பின்னால மூணாவது மனை.

“உம்மாகிட்டக் கேட்டேன். ‘எனக்கு ஏதுடா ரங்கூன்ல அண்ணன் தம்பி? அவுகளுக்கு அங்க சோறு போட்ட புண்ணியவான் யாராச்சும் இருக்கும்’னாக. போன வருசம் உம்மாவும் மவுத்தாயிட்டாக. அதுலேருந்து ராத்திரி படுத்தா இதே நெனப்பு. வாப்பா என்கிட்டக் கேட்டது இது ஒண்ணுதான்.”

நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு மனிதர் ஒரு வழியை நெஞ்சுக்குள் வைத்திருக்கிறார். கடையைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்றேன். “தமிழும் பர்மாவும் எனக்கு ரெண்டு கை மாதிரி பாய். நீங்க சும்மா கூட வாங்க, நான் கேக்குறேன்” என்று வீரமாகச் சொல்லவும் செய்தேன்.

ஆற்றைத் தேடிப் போகும் வழி

போன வாரம் இந்தப் பத்தியில் சூலே பகோடாவைச் சுற்றியிருக்கும் கடைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர், “ரங்கூனில் ஓடுவது ஐராவதிதானே?” என்று கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. எங்களுடையது ரங்கூன் ஆறு. ஐராவதியிலிருந்து ஒரு கால்வாய் வழியாகப் படகுகள் இதற்கு வந்து சேரும். ஆறு தனி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரங்கூனில் ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் தேடிக்கொண்டு போக வேண்டும். ஸ்டிராண்ட் சாலை ஆற்றை ஒட்டித்தான் போகிறது. ஆனால் நடுவில் துறைமுக மதில், சரக்குப் பெட்டிகள், கொட்டகைகள். ஆறு சத்தத்தில் இருக்கும், வாடையில் இருக்கும், கண்ணில் மட்டும் படாது. படகுத்துறைகளிலும் போத்தாடௌங் பகோடாவின் ஓரத்திலும்தான் கொஞ்சம் முகம் காட்டும்.

அதனால் பாயை முதலில் போத்தாடௌங்குக்குக் கூட்டிப் போனேன். படகு ஏறுமுன் வாப்பா பார்த்த ஆற்றைக் கரையில் நின்று ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். பகோடாவின் உள்ளே பொன் தகடு பதித்த சுவர்கள் குறுகிய சந்துகளாக வளைந்து வளைந்து போகும். பாய் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“நான் வரலாமாக்கா?”

“செருப்பைக் கழட்டினா யாரும் வரலாம்.”

“எங்களுக்கும் அதேதான்” என்று கழற்றினார். ஆனால் உள்ளே வரவில்லை. வெறுங்காலோடு ஓரமாக நடந்து நேரே ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். அவர் மனசு எனக்குப் புரிந்தது. வற்புறுத்தவில்லை.

பழுப்புத் தண்ணீர். அதன்மேல் பனி புகை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. ஆகாயத்தாமரைக் கொத்துகள் மிதந்து வந்தன. அவை கடல் பக்கமிருந்து ஊருக்குள் வருவதைப் பார்த்து பாய் திகைத்துப்போனார்.

“தண்ணி மேல ஏறுது!”

“ஏத்தம் பாய். மத்தியானம் பாருங்க, எறங்கும்.”

எங்கள் அப்பா புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை. “இந்த ஆத்துக்கு ரெண்டு ஷிப்டு வேலை, எனக்கு ஒரே ஷிப்டுதான்” என்பார். அம்மா தன்லியின் என்கிற ஊரைச் சேர்ந்த பர்மாக்காரி. ஆறு கலங்கலாக இருந்தால், “இன்னைக்கு அதுக்கு யாரோடவும் பேசப் பிடிக்கலை” என்பார். ஒரே ஆற்றை இருவரும் இருவிதமாகப் பேசிய வீட்டில் நான் வளர்ந்தேன்.

அங்கிருந்து ஸ்டிராண்ட் சாலையோடு நடந்தோம். சுங்கக் கட்டிடத்துக் கடிகாரம், அரசமரம் முளைத்த செங்கல் மாடிகள், பச்சைப் பாசி பிடித்த தூண்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் பாய் நின்றார். “இது வாப்பா காலத்துல இருந்துச்சா?” என்று கேட்பார். “இருந்திருக்கும்” என்பேன். உடனே அந்தச் சுவரைக் கையால் ஒரு தடவை தொட்டுவிட்டு நகர்வார். ஒரு வங்கியின் காவலாளி எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். “சுவர் நல்லா இருக்கான்னு பாக்குறாரு” என்றேன். “நல்லா இருக்கு, போங்க” என்றார் காவலாளி.

அக்காவும் அக்கோவும்

பன்சோடான் துறையில் படகு ஏறினோம். டல்லாப் படகு ஒரு மிதக்கும் சந்தை. மேல்தட்டில் குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்குக் கொடுப்பார்கள். காடை முட்டை, சூரியகாந்தி விதை, வெற்றிலை, ஆரஞ்சு எல்லாம் தலைமேல் வரும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து பறந்து வரும் கடற்காக்கைகள் படகோடு கூடவே வரும். அவற்றுக்கு எறியப் பொரிப் பொட்டலமும் கிடைக்கும்.

பாய் என்னை, “அக்கா, இங்க வாங்க! அக்கா, அங்க பாருங்க!” என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். ஆரஞ்சு விற்ற பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். “ஏம்மா, இந்த ஆள் ஏன் உங்களை அண்ணன், அண்ணன்னு கூப்பிடுறாரு?”

பர்மா மொழியில் அக்கோ என்றால் அண்ணன். எங்கள் அக்கா அவர்கள் காதில் அக்கோவாக விழும். சின்ன வயதில் தெருவில் அக்காவை, “அக்கா!” என்று கூப்பிட்டால் நாலு தடியன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பாயிடம் இதைச் சொன்னேன்.

“அட! எங்க ஊர்ல அண்ணனைக் காக்காம்போம். அப்ப இதுக எல்லாம் எனக்கு அண்ணனுகதான்” என்று பறவைகளைப் பார்த்துக் கையெடுத்து, “காக்கா, நல்லா இருக்கியளா?” என்று விசாரித்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆரஞ்சுக்காரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் ஒரு ஆரஞ்சைச் சும்மாவே கொடுத்தாள்.

இப்படி உறவுச் சொற்களை வைத்தே அரை மணி நேரம் விளையாடினேன். பாய்க்கு ஒரு சொல்லைச் சொல்வேன், அவர் தப்பாகச் சொல்வார், நான் திருத்துவேன். வாத்தியாரம்மா மாதிரி இருந்தது எனக்கு. இதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

நடு ஆற்றிலிருந்து பார்த்தால் ஊரின் தலைக்கு மேல் ஷ்வேடகோன் பொன்னாகத் தெரியும். மேற்கே டல்லாவுக்குக் கட்டிக்கொண்டிருக்கும் பாலத்தின் பெரிய தூண்கள். “பாலம் வந்தா இந்தப் படகு என்னாகும்?” என்று பாய் கேட்டார். ஆரஞ்சுக்காரியைக் கேட்டேன். “பாலத்துல யாரு உக்காந்து ஆரஞ்சு தின்பா?” என்றாள்.

மூன்றாவது மனை

டல்லாவில் இறங்கி ஆளுக்கொரு சைக்கா, அதாவது சைக்கிள் ரிக்ஷா, பிடித்தோம். சைக்காவில் ஓட்டுபவரும் நாமும் அக்கம்பக்கமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே போகலாம். என் சைக்காக்காரரிடம் பெரிய குளம் என்றேன். “எங்களுக்குக் குடிக்கத் தண்ணி அங்கதான். அது எங்க போகும்?” என்றார்.

குளம் இருந்தது. தாமரை இலைகளும், மரப்படிகளும், தோளில் காவடி போல் இரண்டு வாளி தொங்கவிட்டுத் தண்ணீர் சுமக்கும் பெண்களும். குளத்துக்குத் தெற்கே பள்ளிவாசலும் இருந்தது. புதிதாகப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். பாய்க்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. “வாப்பா சொன்ன மாதிரியே இருக்குக்கா” என்றார். பள்ளிவாசலுக்குப் பின்னால் போய் விரலை விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று.

மூங்கில் வேலி. பழைய மர வீடு. வாசலில் ஒரு அம்மா ஓலைப் பாயை விரித்து இறால் காயவைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தார். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே உயரத்தில் புத்தர் மாடம் தெரிந்தது. ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பாய் அந்த விளக்கைப் பார்த்தார். அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

“இது நம்ம ஆளுக வீடு இல்லைக்கா” என்றார் மெதுவாக.

“கேட்டுப் பாத்துருவோம், இருங்க.”

சொன்னபடி நான்தான் கேட்டேன். மாமாவுக்குப் பர்மா மொழியில் ஊலே. நல்ல மரியாதையான சொல். “இந்த வீட்டுல இந்தியாக்கார ஊலே ஒருத்தர் இருந்தாரா அம்மா? ரொம்ப வயசானவரு.”

அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அப்புறம் பாயைப் பார்த்தார். “இல்லையே. இந்த வீட்டுல ஊலே யாரும் இருந்ததில்லை. எனக்குத் தெரிஞ்சு அம்மாவும் நானும்தான். அம்மா போன பிறகு நான் மட்டும்.”

பாயிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த அம்மா உள்ளே போய் இரண்டு குவளைத் தண்ணீர் கொண்டுவந்தார். பாய் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவர் எங்கேயிருந்து வர்றாரு?”

“இந்தியாவுலேருந்து.”

“தூரம்” என்றார். குவளைகளை வாங்கிக்கொண்டு, “சாப்பிட்டுட்டுப் போகலாமே. இறால் இருக்கு” என்றார்.

படகுக்கு நேரமாகிறது என்று நான்தான் சொன்னேன். பள்ளிவாசலிலும் விசாரித்தோம். அங்கிருந்த பெரியவர்கள் நல்லபடியாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். அப்படி ஒரு மாமாவை யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் போனவர்கள் எத்தனையோ பேர் என்றார் ஒருவர். பாய் ஓரமாகப் போய் இரண்டு ரக்அத் தொழுதார். “முடிஞ்சவரைக்கும் பாத்தாச்சுக்கா. வாப்பா மன்னிப்பாக” என்றார்.

இரண்டு குறில்

அப்படித்தான் திரும்பும் படகில் ஏறினோம். அவர் ஒரு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்தார். தன் வாப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி, என்னிடம் சொல்வது போலவும் ஆற்றிடம் சொல்வது போலவும் பேசிக்கொண்டு வந்தார். அப்போதுதான் நான் முதலில் எழுதிய அந்த வார்த்தைகளைச் சொன்னார். நாக்கு தளர்ந்து, இழுத்துச் சொல்ல முடியாமல், ‘மம’.

தமிழ் வாசிக்க எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கவில்லை. புளி மடித்து வந்த வாரப் பத்திரிகைத் தாள்களைப் பார்த்து நானாகக் கூட்டிக்கூட்டிப் படித்தேன். குறிலையும் நெடிலையும் பிரிக்கத்தான் ரொம்ப நாள் தடுமாறினேன். ஒரு கால் போட்டால் அர்த்தமே மாறிவிடும் என்று அப்பா தலையில் குட்டுவார்.

இங்கே இரண்டு கால். மாமா என்றால் தமிழில் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். இரண்டு காலையும் எடுத்துவிட்டு, மம என்று வெட்டினாற்போல் சொன்னால் அது பர்மா வார்த்தை. அதற்கு அக்கா என்று அர்த்தம்.

என் பெரியம்மா மகளை நான் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் பெற்றவர்கள் மூத்த மகளைப் பற்றித் தம்பி தங்கையிடம் பேசும்போதும் அதே வார்த்தைதான். “மம எங்கே? மமகிட்டக் கேளு.”

காய்ச்சலில் அந்த மனிதருக்கு நாக்கு தளரவில்லை. சரியாகத்தான் சொன்னார். டல்லாவுல அக்கா இருக்கு. உன் அக்கா. மகனுக்கும் மனைவிக்கும் தமிழ்க் காது. இல்லாத இரண்டு காலை அவர்களே போட்டுக் கேட்டுவிட்டார்கள். சரி, அவர்களுக்குத் தெரியாது. இரண்டு கை மாதிரி என்று பீற்றிய நான் அதை இன்னும் நன்றாகக் கெடுத்தேன். மொழிபெயர்க்கவே வேண்டாத ஒரு சொல்லை ஊலே என்று மொழிபெயர்த்தேன். அந்த வேலிக்கு வெளியே நின்று, “இங்கே மம ஒருத்தர் இருக்காங்களா, அப்பா இந்தியாக்காரர்?” என்று கேட்டிருந்தால் போதும்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. அவர் மனசு ஆறி உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஊருக்குப் போய்விடுவார். படகு கரையை நெருங்கிக்கொண்டிருந்தது.

“பாய், வாப்பா கடைசி நாள்ல ‘இருக்கு’ன்னா சொன்னாக? ‘இருக்காக’ன்னு சொல்லலையா?”

“இருக்குன்னுதான். அதுவும் நாக்கு தளந்ததாலதான்னு நெனச்சோம். மாமாவைப் போயி இருக்கும்பாங்களா?”

“வாப்பா சொன்னது மாமாவை இல்லை.”

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அந்த வார்த்தையை, அது என்ன என்பதை, நான் செய்த தப்பை. “காலையில பாத்த அந்தம்மாதானான்னு எனக்கும் நிச்சயமாத் தெரியாது. கேட்டாத்தான் தெரியும். ஆனா மனை அதுதான். உங்க வாப்பா சொன்ன மனை.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “என்னக்கா பேசுறீக? எங்க வாப்பா அஞ்சு வேளை தொழுத மனுசன்!”

“தொழுதா மக இருக்கக் கூடாதா பாய்?”

“உம்மாவை அடக்கி இன்னும் ரெண்டு வருசம் ஆகலை. அவுகளுக்கு மேல ஒருத்தி இருந்தாங்குறீகளா?”

“மேலன்னு நான் சொல்லலை. முன்னாலன்னுதான் சொல்றேன்.”

“அந்தம்மா வீட்டுல விளக்கு எரியுது, புத்தர் இருக்கு. அவுக எனக்கு லாத்தாவா?” கீழக்கரையில் அக்காவுக்கு லாத்தா. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. “காலையிலேருந்து அக்கா, அக்கோன்னு சிரிச்சுக்கிட்டு வந்தீகளே. உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு. நாப்பது வருசமா எனக்கு ஒரு மாமா இருந்தாக. அவுகளைப் பறிச்சிக்கிட்டு என் வாப்பாவையும் பறிக்கிறீக.”

எழுந்து படகின் மறுபக்கக் கம்பிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த வாப்பாவை நினைத்தேன். பிள்ளையிடம் பேச எத்தனையோ இருந்திருக்கும். ரங்கூனைப் பற்றி வாயே திறக்காதவர், கடைசியில் ஒரு சொல்லும் ஒரு வழியும் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சொல் வீட்டில் யாருக்கும் புரியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்தேதான் அப்படிச் சொன்னாரா? காய்ச்சலில் எந்த மொழி பேசுகிறோம் என்பதே மறந்துபோயிற்றா?

படகு துறையில் இடித்து நின்றது. கயிறு விழுந்தது. சைக்கிள், கோழிக்கூடை, பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க முண்டினார்கள். பாயும் அந்தக் கூட்டத்தோடு நகர்ந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலைகளுக்கு நடுவில் அந்த வெள்ளைத் தொப்பி மட்டும் இறங்கு பலகையை நோக்கிப் போவது தெரிந்தது. சரி, போகட்டும் என்று என் பையை எடுத்துக்கொண்டேன்.

பலகை வரை போன தொப்பி அங்கேயே நின்றது. பின்னால் வந்தவர்கள் இடித்தார்கள், ஏசினார்கள். “இறங்குறதுன்னா இறங்கு, இல்லைன்னா வழி விடு ஐயா!” என்று ஒருத்தி கத்தினாள். அவர் வழியை விட்டு ஒதுங்கி, கூட்டத்துக்கு எதிராக ஒவ்வொரு ஆளாக விலக்கிக்கொண்டு மேல்தட்டுக்கு ஏறி வந்தார். வேர்த்துக்கொட்டியிருந்தது.

“அதை எப்படிச் சொல்லணும்? இழுக்கக் கூடாது, அப்படித்தானே?”

“இழுக்கக் கூடாது. ரெண்டும் குறில்.”

உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். சத்தம் வரவில்லை.

“இந்தத் தடவை நீங்க கேக்க வேணாம். நானே கேக்குறேன்.”

“சரி பாய்.”

அதற்குள் டல்லாவுக்குப் போகும் பயணிகள் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். பாய் போய், தான் உட்கார்ந்திருந்த சின்ன நாற்காலியை எடுத்து டல்லாவைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். அப்புறம் இன்னொரு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்து, அதன் பக்கத்தில் எனக்குப் போட்டார்.